முப்பத்தொன்பதாவது கணு

கடல் அருங்காட்சியகத்தின் நூலகத்துக்குப் போன ஆண்டு முழுக்க வந்த வாசகர்கள் அறுபத்து மூன்று பேர். அவர்களில் ஒன்பது பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். வந்தது வந்தார்கள் என்று நூலகர் அவர்களிடமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்.

நூலகருக்கு நாற்பத்து மூன்று வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த அறைதான் அவருக்கு உலகம். இரண்டாவது மாடியில், துறைமுகத்தைப் பார்த்த நீளமான அறை அது. பதினோராயிரம் புத்தகங்கள், எல்லாமே கடலையும் கடலில் வாழ்வனவற்றையும் பற்றியவை. மீன்களின் வண்ணப் படங்கள் அடங்கிய, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய தொகுதிகள் ஒரு பக்கம். சிப்பிகளுக்கு மட்டும் நானூறு. ஒரே ஒரு நண்டினத்தின் கால்களைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய ஒருவரின் ஏழு தொகுதிகள் உண்டு. எட்டாவதை முடிப்பதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவை தவிர, அச்சேறாத கையெழுத்து நோட்டுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.

அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் தொடங்கியவர் ஒரு துறைமுக மருத்துவர். கப்பலிலிருந்து இறங்கி வரும் நோயாளிகளிடம் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்பே, "படித்து முடித்த புத்தகம் ஏதாவது கைவசம் இருக்கிறதா?" என்று கேட்பாராம். அப்படிச் சேர்ந்த புத்தகங்கள் வீட்டில் நடக்க இடமில்லாமல் செய்தபோது, மனைவி ஒரு முடிவுக்கு வந்தார்: புத்தகங்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுவது, கூடவே தன் தம்பியையும் அனுப்பிவிடுவது. தம்பி இருபது ஆண்டுகள் கலங்கரை விளக்கில் விளக்கேற்றியவர். பேச ஆளில்லாமல் அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டில் உட்கார்ந்து, இருபது வருடப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார்.

முதல் நூலகர் அவர்தான். நூலகம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனால் கடல் தெரியும். அதனால் புத்தகங்களைக் கடலைப் போலவே அடுக்கினார். உச்சித் தட்டில் தண்ணீருக்கு மேலே உள்ளவை: பறவை, காற்று, மேகம், பாய்மரம், கயிறு. அதற்குக் கீழே அலைமேல் மிதப்பவை. இப்படியே இறங்கி இறங்கி, அடித்தட்டில் வெளிச்சமே போகாத ஆழத்து உயிர்கள். ஆழ்கடல் ஆராய்ச்சிக்கு வருபவர்கள் அன்றுமுதல் இன்றுவரை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். பின்னால் வந்த நூலகர்கள் எல்லோரும் அந்த வரிசையை மாற்றப் பார்த்துக் கைவிட்டார்கள். நம் நூலகர் மட்டும் மாற்றவே முயலவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காதவர் புதிய இயக்குநர். நாணய அருங்காட்சியகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எதையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே பழகியவருக்குக் கடல் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர்; ஆனால் பொறுமை கிடையாது. ஒரு நாள் காலை நூலகத்துக்கு வந்து, சன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அறையைத் தேநீர்க் கூடமா மாத்தப் போறோம். இந்தக் காட்சிக்கே கூட்டம் வரும்."

"புத்தகங்க எங்க போகும் சார்?"

"ஊருக்கு வெளியே நமக்கு ஒரு கிடங்கு இருக்கு. பத்திரமா இருக்கும். நீங்களும் அங்கயே உட்கார்ந்துக்கலாம். இங்க வாரத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல சார். ஒரே நாள்ல ரெண்டு பேர் வந்துட்டா நானே தடுமாறிப் போயிடுவேன்."

இயக்குநர் சிரித்துவிட்டார். ஆனால் உத்தரவு மாறவில்லை. மறுவாரமே மூட்டை கட்டும் நிறுவனத்து ஆட்கள் அட்டைப் பெட்டிகளோடு வந்தார்கள். உச்சித் தட்டிலிருந்து தொடங்கி, நாலு நாளில் நாற்பது பெட்டி நிரப்பி நாடா ஒட்டிவிட்டார்கள். நூலகர் ஒவ்வொரு பெட்டிமேலும் எண் எழுதினார். அழவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தடவை குளித்தார், அவ்வளவுதான்.

இதே நாட்களில் கீழே பெரிய கூடத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த அருங்காட்சியகத்தின் பெருமையே கூடத்தின் கூரையிலிருந்து தொங்கும் திமிங்கிலத்தின் எலும்புக்கூடுதான். தொண்ணூற்று நாலு ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகத் தொடங்கியதால் அதை இறக்கி, கூரையைச் செப்பனிட்டு, எலும்புகளைத் துப்புரவு செய்து மறுபடி மாட்டுவதாக ஏற்பாடு. மூன்று வாரத்தில் திறப்பு விழா. அழைப்பிதழ் போய்விட்டது.

எலும்புகளுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் எலும்புக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆறு வாரத்துக்கு முன், சரியாக எலும்புகளை இறக்கும் சமயம் பார்த்து, அவர் குளியலறையில் வழுக்கி, கணுக்கால் எலும்பை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். இப்போதுதான் ஊன்றுகோலோடு வந்து கூடத்துக்குள் எட்டிப் பார்த்தவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு மெதுவாக லிஃப்டில் ஏறி நூலகத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு டம்ளர் தண்ணி குடு."

"கால் வலிக்குதாண்ணா?"

"கால் கிடக்கட்டும். துப்புரவு ஆளுங்க எலும்பையெல்லாம் தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளை வெளேர்னு வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் நம்பர் எழுதியிருந்துச்சு. ஒண்ணுகூட இல்லை. அழுக்குன்னு நினைச்சு அழிச்சுட்டாங்க."

திமிங்கிலத்தின் முதுகெலும்பு ஐம்பத்தெட்டு துண்டுகளால் ஆனது. எலும்புக்காரர் அவற்றைக் கணு என்பார். தலைப்பக்கத்துக் கணுக்களை அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கிவிடுவார். வால் நுனியும் தெரியும். நடுவில் உள்ள முப்பதுதான் தகராறு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். விரல் அகலம்தான் வித்தியாசம். இரண்டை மாற்றிப் போட்டாலும் கம்பி நேராக ஓடாது. திமிங்கிலம் கூரையில் இடுப்பு பிடித்துக்கொண்ட மாதிரி கோணிக்கொண்டு நிற்கும். பழைய புகைப்படங்கள் இருந்தன. எல்லாம் கீழே நின்று எடுத்தவை. அவற்றில் திமிங்கிலத்தைவிட அதற்குக் கீழே நின்று சிரித்தவர்கள்தான் தெளிவாகத் தெரிந்தார்கள்.

"முதல் தடவை மாட்டினவங்க எதுவும் எழுதி வைக்காமலா இருந்திருப்பாங்க?" என்றார் எலும்புக்காரர்.

நூலகருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக ஒருவர் அவசரம் என்று வந்து கேட்கிறார். மிச்சத்தைப் பெட்டி கட்டுவது விழாவுக்குப் பிறகு என்று நிறுத்தியிருந்ததால், திமிங்கிலங்களுக்கான தட்டு பெட்டிக்குள் போகவில்லை. மூன்று நாட்கள் அதில் இருந்த ஒவ்வொரு புத்தகத்தையும், ஒவ்வொரு நோட்டையும் பிரித்துப் பார்த்தார். திமிங்கிலத்தின் பல், எண்ணெய், பாட்டு, காது அழுக்கு என்று எல்லாம் இருந்தது. இந்தத் திமிங்கிலத்தை யார் எப்படி மாட்டினார்கள் என்பது மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் மாலை சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மாமியார் மேசையருகே உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் பொய்ப்பல் செய்து ஓய்வு பெற்றவர் மாமியார். இன்றும் யாராவது சிரித்தால் முதலில் அவர் பார்ப்பது ஈறைத்தான்.

"திமிங்கிலத்தைப் பத்தி இருக்கற அத்தனையும் பார்த்துட்டேங்க. ஒரு வரிகூட இல்லை" என்றார் நூலகர்.

கணவர் கத்தியை நிறுத்தினார். "மாட்டினவன் எழுதின நோட்டைத்தானே தேடறே?"

"ஆமா."

"அதுல திமிங்கிலம்னு இருக்காது. என் நோட்டைப் பார்த்திருக்கியா? பதினெட்டு வருஷமா லிஃப்ட் மாட்டறேன். லிஃப்டைப் பத்தி ஒரு வரி எழுதினதில்லை. கயிறு, கொக்கி, எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும், இதுதான் இருக்கும். தொங்கவிடறவனுக்குத் தொங்கறது என்னன்னு கவலை இல்லை. விழக்கூடாது, அதுதான் கவலை."

நூலகர் தோள்பையைக்கூட இறக்கவில்லை. அப்படியே நின்றார். உச்சித் தட்டில், பாய்மரப் புத்தகங்களுக்கும் காற்று அட்டவணைகளுக்கும் நடுவே ஒரு தடித்த நோட்டு இருந்தது அவருக்கு நினைவிருந்தது. முதுகில் ‘கயிறுகள், கொக்கிகள், முடிச்சுகள்’ என்று எழுதியிருக்கும். கலங்கரை விளக்குக்காரர் பொழுதுபோகாமல் முடிச்சுப் போட்டுப் பழகியது என்று நினைத்து அவர் அதைத் திறந்ததே இல்லை. இப்போது அது நாற்பது பெட்டிகளில் ஏதோ ஒன்றில் இருந்தது.

"அம்மாடி, அப்படியே நிக்காதே, காலு வலிக்கும். உட்கார்ந்து யோசி" என்றார் மாமியார்.

மறுநாள் காவலாளி கதவைத் திறக்கும்போதே நூலகர் வாசலில் நின்றார். எந்தப் பெட்டியில் எந்தத் தட்டு என்று எழுதி வைத்திருந்தது கைகொடுத்தது. ஆறாவது பெட்டியில், கடற்பறவை முட்டைகளைப் பற்றிய இரண்டு தொகுதிகளுக்கு அடியில் நோட்டு கிடந்தது.

முதல் பக்கத்தில் கலங்கரை விளக்குக்காரரின் குண்டு குண்டான எழுத்து. ‘அத்தான் கரையில் ஒதுங்கிய மீனைக் கூரையில் மாட்ட வேண்டும் என்கிறார். மீன் இல்லை, பாலூட்டி என்று திருத்துகிறார். எதுவானாலும் கனம் கனம்தானே. வேறு யாரும் முன்வராததால் நானே மாட்டுகிறேன்.’ அடுத்த எண்பது பக்கங்களில் பதினோரு மாத வேலை முழுவதும் இருந்தது. கயிற்றின் தடிமன், கொக்கியின் வளைவு, எந்த உத்தரம் எவ்வளவு முனகியது என்பதுகூட. அதற்குப் பிறகு ஒரு கணுவுக்கு ஒரு பக்கம். பென்சில் படம், நீளம், அகலம், கம்பி போக இட்ட துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற குறிப்பு.

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். முகத்தில் சிரிப்பு விரிந்துகொண்டே போனது. முப்பத்தொன்பதாவது கணுவின் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

அந்தப் பக்கத்தில் படம் இல்லை, அளவும் இல்லை. இப்படி எழுதியிருந்தது: ‘இந்தக் கணு வந்து சேரவில்லை. கரையிலேயே யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். உட்கார வசதியாக இருந்திருக்கும். இதற்குள் அத்தான் பத்திரிகைக்காரர்களிடம் ஐம்பத்தெட்டும் முழுதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒன்று செய்து, கனத்துக்கு உள்ளே ஈயம் வைத்து, மேலே எலும்புத்தூள் பூசி, மெருகிட்டு மாட்டியிருக்கிறேன். அத்தானுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவள் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.’

நூலகர் எழுந்து போய் ஒரு பழைய பெட்டியைத் திறந்தார். அருங்காட்சியகத்தின் எலும்புகளைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதில் இருந்தன. தேடியது கிடைத்தது. அந்தத் திமிங்கிலத்தின் முப்பத்தொன்பதாவது கணுவின் வழக்கத்துக்கு மாறான வழவழப்பைப் பற்றிய பதினாலு பக்கக் கட்டுரை. எழுதியவர் எலும்புக்காரர். வயது முப்பது இருக்கும்போது எழுதியது. அவருடைய ஒரே கட்டுரை. அதைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார்.

நோட்டைக் கொடுத்தால் திமிங்கிலம் கூரை ஏறும். எலும்புக்காரரின் மானம் கப்பலேறும். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. அன்று முழுக்க நூலகர் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மாமியாரிடம் சொன்னார்.

"இருபத்தஞ்சு வருஷமா அந்தக் கட்டுரையைத்தான் பெருமையா சொல்லிட்டிருக்காரு அத்தை. எப்படிப் போய் சொல்றது?"

மாமியார் குறுக்கெழுத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நான் கட்டின பல்லைக் கண்டுபிடிக்க முடியாம ரெண்டு டாக்டருங்க ஏமாந்திருக்காங்க. அவங்களுக்கு அது அவமானமா? எனக்குத்தான் பெருமை. அந்தத் தச்சரோட வேலை அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு போய் சொல்லு. ஆனா தனியா சொல்லு. நாலு பேரை வச்சுக்கிட்டு சொல்லாதே."

மறுநாள் காலை நூலகர் எலும்புக்காரரின் அறைக்குப் போனார். நோட்டில் முப்பத்தொன்பதாவது கணுவின் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்துவிட்டு, சன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். பிறகு ஊன்றுகோல் கீழே விழும் சத்தம் கேட்டது. பதறித் திரும்பினால், எலும்புக்காரர் மேசையில் கவிழ்ந்து தோள்கள் குலுங்கக் குலுங்கக் கிடந்தார். அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழவழப்பு, தங்கச்சி. பதினாலு பக்கம். அந்த வழவழப்பை வச்சு இது ஏதோ வயசான திமிங்கிலம்னு வேற எழுதியிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். சற்று நேரம் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. "வருத்தமாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா இருபத்தஞ்சு வருஷமா இதைப் படிச்ச ஒருத்தரும் எதிர்த்து ஒரு வரி எழுதலையேன்னு நினைச்சேன். யாரும் படிக்கவே இல்லைங்கறது இப்பத்தான் தெரியுது."

"நான் படிச்சேன் அண்ணா."

"நீ படிச்சே. அது போதும். வா, இயக்குநர்கிட்ட போகலாம்."

இயக்குநர் நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அழைப்பிதழில் ‘முழுமையான எலும்புக்கூடு’ என்று அச்சடித்திருந்தது அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கியது. ஆனால் அளவுகளைப் பார்த்ததும் மனிதர் மாறிவிட்டார். கலங்கரை விளக்குக்காரர் எல்லாவற்றையும் விரற்கடைக் கணக்கில் அளந்திருந்தார். யாருடைய விரல்? அவருடைய விரல்.

"மண்டையோட்டோட அகலம் நூத்திப் பன்னிரண்டு விரல்னு போட்டிருக்கு" என்றார் இயக்குநர். "மண்டையோடு கீழேதானே இருக்கு. அதை இப்ப அளந்தா அந்த மனுஷனோட விரல் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். தேய்ஞ்ச நாணயத்தை நாங்க இப்படித்தான் எடை கட்டுவோம்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே படியிறங்கினார். மண்டையோடு இருநூற்றுப் பதின்மூன்று சென்டிமீட்டர் இருந்தது. ஒரு விரல் ஏறத்தாழ ஒன்று புள்ளி ஒன்பது சென்டிமீட்டர். "நல்ல தடிச்ச விரல்" என்று பாராட்டினார்.

அன்றிலிருந்து ஒன்பது நாட்கள் இயக்குநர் தன் அறைக்கே போகவில்லை. வாசிப்பறையின் பெரிய மேசையில் நோட்டு விரித்திருக்கும். நூலகர் அளவைப் படிப்பார். இயக்குநர் பெருக்கிச் சொல்வார். கீழே எலும்புக்காரர் கைபேசியைக் காதில் செருகிக்கொண்டு, ஆட்களை வைத்துக் கணுக்களைப் புரட்டி அளந்து பதில் சொல்வார். தரையில் கணுக்கள் ஒவ்வொன்றாக வரிசை சேர்ந்தன. நடுநடுவே இயக்குநருக்கு ஏதாவது சந்தேகம் வரும். திமிங்கிலத்துக்கு எதற்கு இத்தனை கணு என்று கேட்பார். நூலகர் எழுந்து போய், சரியாக ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, சரியான பக்கத்தைப் பிரித்து வைப்பார். நாலாம் நாள் இயக்குநர் தரையில் சம்மணம் போட்டு, அடித்தட்டுப் புத்தகம் ஒன்றில் முகத்தைப் புதைத்திருந்தார். ஒரு கோப்போடு தேடி வந்த அலுவலக உதவியாளர், அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துவிட்டு, "இயக்குநர் எங்கேம்மா?" என்று நூலகரிடம் கேட்டார்.

ஒன்பதாம் நாள் ஐம்பத்தாறு கணுக்கள் இடத்தில் இருந்தன. மிச்சம் இரண்டு. ஒன்று நாற்பதாவது எலும்பு. இன்னொன்று முப்பத்தொன்பதாவது மரம். எது எது என்று தெரியவில்லை. தச்சர் நாற்பதாவதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்சு அசலாக அதைப் போலவே செய்திருந்தார். அளவு ஒன்று. கனம் ஒன்று. துளையும் ஒன்று. துப்புரவு ஆட்கள் தேய்த்த தேய்ப்பில் வழவழப்பும் ஒன்றாகிவிட்டது. ஆணியால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எலும்பைக் கீற எலும்புக்காரர் சம்மதிக்கவில்லை. மரத்தைக் கீற நூலகர் சம்மதிக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கூரையில் புதிதாகப் போட்ட கொக்கிகளைப் பார்த்துச் சொல்வதற்காக நூலகரின் கணவர் வந்திருந்தார். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று மாமியாரும் வந்திருந்தார். கூடத்தில் எல்லோரும் இரண்டு கணுக்களையும் சுற்றி நின்று தாடையைத் தடவிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?" என்றார்.

யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். களைப்பாக இருக்கிறது போலும் என்று ஒரு நாற்காலியும் வந்தது. அவர் உட்காரவில்லை, குடிக்கவும் இல்லை. விரலைத் தண்ணீரில் நனைத்து, முதல் கணுவின்மேல் ஒரு சொட்டு வைத்தார். இரண்டாவதன்மேல் ஒரு சொட்டு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். முதல் சொட்டு மெல்ல மெல்லச் சிறுத்து, ஈரத் தடமாகி, உள்ளே போய்விட்டது. இரண்டாவது சொட்டு கண்ணாடி மணி போல அப்படியே நின்றது.

"எலும்பு தண்ணி குடிக்கும்" என்றார். "மெருகு குடிக்காது. என்கிட்ட வேலை கத்துக்க வந்த புதுப் பொண்ணுங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவேன்." பிறகு இரண்டாவது கணுவின் விளிம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஆனா என்ன வேலை. இவரு பல் கட்ட வந்திருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது."

எலும்புக்காரர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளாலும் மாமியாரைக் கும்பிட்டார். "அம்மா, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க வந்திருக்கக்கூடாதா?"

"அப்ப நீங்க கூப்பிடலையே தம்பி."

திமிங்கிலம் கூரை ஏறியது. கணவர் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கொக்கியாகத் தொங்கிப் பார்த்துச் சரி சொன்னார். பழைய நோட்டில் இருந்த முடிச்சு ஒன்றை மட்டும் மாற்றாமல் அப்படியே போட்டார். அதைவிட நல்ல முடிச்சு தனக்குத் தெரியாது என்றார்.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். எழுதி வைத்திருந்ததை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அழைப்பிதழில் ஒரு தவறு இருக்கிறது என்று தொடங்கினார். கலங்கரை விளக்குக்காரரின் கதையை முழுக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது. முப்பத்தொன்பதாவது கணுவுக்குக் கீழே ஒரு பலகை இருந்தது: ‘இது மரம். செய்தவர் ஒரு தச்சர். எலும்பென்று நம்பிப் பதினாலு பக்கம் எழுதியவர் இங்கேதான் வேலை செய்கிறார். கேட்டால் கதை சொல்வார்.’ பலகை வாசகம் எலும்புக்காரர் எழுதியது. வேறு யாரையும் எழுத விடவில்லை. அவருடைய கட்டுரைக்கு அன்று ஒரே நாளில் முப்பது பேர் பிரதி கேட்டார்கள்.

பத்திரிகைகளில் செய்தி வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: அசல் கணு எங்கே? அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் மாட்டுத் தொடை எலும்போடு வந்தார். ஒருவர் பரணில் கிடந்த பவளப் பாறைத் துண்டைக் கொண்டுவந்தார். ஒரு தம்பதி கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது சிமெண்டில் செய்த பூந்தொட்டி. எல்லாவற்றையும் நூலகத்துக்குத்தான் அனுப்பினார்கள், அளவு நோட்டு அங்கேதான் இருக்கிறது என்பதால். வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் பொருள் திமிங்கிலம் இல்லை என்று தெரிந்த பிறகு, வேறு என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் கேட்டார்கள். மாட்டெலும்புக்காரர் மட்டும் கோபித்துக்கொண்டு போனார். அவரும் மறுவாரம் திரும்பி வந்தார்.

கிடங்குக்குப் போகும் வண்டி ஒரு காலை வந்து வாசலில் நின்றது. இயக்குநர் கீழே இறங்கிப் போய், தேநீர் வாங்கிக் கொடுத்து ஓட்டுநரை அனுப்பிவிட்டார். தேநீர்க் கூடம் நுழைவுச் சீட்டு தரும் இடத்துக்குப் பக்கத்தில் வந்தது. துறைமுகம் தெரியாது, நிறுத்தி வைத்த சைக்கிள்கள்தான் தெரியும். தேநீர் நன்றாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. நாற்பது பெட்டிகளையும் நூலகரும் கணவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்து அடுக்கினார்கள். வரிசையை மாற்ற வேண்டுமா என்று இயக்குநரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார் நூலகர். "தொட்டீங்கன்னா எனக்கு ஆழ்கடல் எங்க இருக்குன்னே தெரியாமப் போயிடும் மேடம்" என்றார் இயக்குநர்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு ரொட்டிக்கடைக்கார அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். தன் கடை அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக ஒரு எலும்பின்மேல்தான் உட்காருகிறோம், வந்து பார்க்கலாம், ஆனால் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்றார். நூலகரும் எலும்புக்காரரும் நோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊன்றுகோலை விட்டிருந்த எலும்புக்காரர் தரையில் மண்டியிட்டு அளந்தார். சந்தேகமில்லாமல் திமிங்கிலக் கணுதான். ஆனால் இவர்களுடைய திமிங்கிலத்தினுடையது இல்லை. அதைவிடப் பெரிய வேறொரு திமிங்கிலம். நாற்பதாவது கணுவைவிட ஏழு விரல் அகலம்.

"அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார் எலும்புக்காரர்.

"எங்க மாமனாரோட அப்பா கொண்டுவந்தாருன்னு சொல்லுவாங்க. எங்கிருந்துன்னு யாரும் கேட்டதில்லை. நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் உட்காரணும், மாவு காயுது."

திரும்பும்போது எலும்புக்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இன்னொரு கட்டுரை எழுதப் போவதாகவும், இந்த முறை முதலில் தண்ணீர் சொட்டு வைத்துப் பார்த்துவிடப் போவதாகவும் சொன்னார். நூலகர் அவரை அவருடைய அறை வாசலில் விட்டுவிட்டு மாடி ஏறினார். உட்கார்ந்ததும் ஒரு புதிய அட்டையை எடுத்து, பொருள்: திமிங்கிலக் கணு, பெரியது என்று எழுதினார். இருப்பிடம் என்ற இடத்தில் ரொட்டிக்கடை, அடுப்பின் வலப்பக்கம் என்று போட்டார். பார்வை நேரம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைக்காரர் எழுந்து நிற்கும்போது என்று எழுதி, மை காய்வதற்காக ஊதினார். மேசைக்கு எதிரே நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.